கணினி கண்விழிக்கும் முறை

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபொழுது, நெய்தற்றிணையைப் பற்றியோ உவமையணியைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். கற்பிட்டிக் கடற்கரையில் வாழும் தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பது! எனினும் அண்மைக்காலத்தில் என் சிந்தையைப் பற்றி நின்றது வேறொரு பொருள். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பயிலும் மாணாக்கர், பாடநூலிற் காணும் கலைச்சொற்களுக்குப் பொருள் கேட்டு அடிக்கடி வருவர். சொல் தமிழாயிருத்தலின் தமிழாசிரியனுக்கு அது விளங்கியே ஆதல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. அவருள் ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "ஐயா, கணினியில் ஒவ்வொரு செயன்முறையும் வேறொரு செயன்முறையாலேதான் பிறப்பிக்கப்படும் என்று படித்தோம். அப்படியாயின் முதலாவதைப் பிறப்பித்தது எது?"

சொல்லைக் கடந்து பொருளுக்குட் சென்ற வினா இது. வரிசையாக நான்கு பெயர்களை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறும் மாணவனுக்கு இவ்வினா தோன்றாது. எனவே அறிந்தாரிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் யான் தெளிந்தவற்றை, கணினியோடு நெருங்கிய பழக்கமில்லாத பழைய மாணவரும் விளங்கிக்கொள்ளுமாறு ஈண்டு எழுதத் துணிந்தேன்.

முதலிலே, செயன்முறை என்பது யாது? ஏட்டில் எழுதியிருக்கும் கூத்து வேறு. களரியில் ஆடப்படும் கூத்து வேறு. ஏடு பெட்டிக்குள் உறங்கலாம். ஆட்டமோ கூத்தரும் விளக்கும் காலமும் வேண்டி நிற்பது. கணினியின் வன்தட்டிலே உறங்கிக் கிடக்கும் நிரல் ஏட்டைப் போன்றது. அது நினைவகத்தில் ஏற்றப்பெற்று, தனக்கென ஓர் இடமும் ஓர் எண்ணும் பெற்று, நடந்துகொண்டிருக்கும் நிலையிலே அதனைச் செயன்முறை என்பர். ஒரே ஏட்டை ஒரே இரவில் இரண்டு ஊர்களில் ஆடினால் கூத்து இரண்டாதல் போல, ஒரே நிரலிலிருந்து பல செயன்முறைகள் ஒரே வேளையில் நடத்தல் கூடும். இவற்றுக்கெல்லாம் நேரமும் இடமும் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்றையொன்று மிதியாதவாறு காப்பதே பணிசெயல் முறைமையின் தொழில். அம்முறைமையின் நடுவண் நின்று வன்பொருளை நேரே ஆளும் பகுதியைக் கருனி என்று தமிழிற் கூறுகின்றனர். கரு என்பதன் அடியாகப் பிறந்த நல்ல சொல்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவாம். தொடங்குதற்கு முன்னரே தொடங்கியிருத்தல் வேண்டும் என்னும் இச்சிக்கல் கணினிக்கு மாத்திரம் உரியதன்று. நம் பகுதியில் வெங்காயத் தோட்டம் செய்வோர் யாவரும் இதனை அறிவர். கிணற்றடியில் வைத்த நீரிறைக்கும் பொறி காய்ந்து கிடந்தால், பொறிக்குள்ளும் உறிஞ்சு குழாய்க்குள்ளும் முதலிலே நீர் ஊற்றி நிரப்பியே அதனை இயக்குவர். நீர் எடுக்க நீர் வேண்டும்! இதன் பேருருவத்தை நுரைச்சோலையிற் காணலாம். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு வரும் வழியிலே, கடலோரத்தில் உயர்ந்து நிற்கும் புகைபோக்கியைக் காணாதார் இலர். லக்விஜய அனல்மின் நிலையம் என்னும் அதன் முதற் பிரிவு 2011இலும், மற்றை இரு பிரிவுகள் 2014இலும் தொழிற்பட்டன. பிரிவொன்றுக்கு 300 மெகாவாற்றாக மொத்தம் 900 மெகாவாற்று வலுவுடையது. நாட்டின் மின்நிலையங்களுள் மிகப் பெரியது. ஆயினும் நாடு முழுவதும் இருள் சூழ்ந்தால் இப்பேரியந்திரம் தானாக எழுந்திருக்க மாட்டாது. நிலக்கரியை அரைக்கும் ஆலை, உலைக்குக் காற்றூட்டும் விசிறி, கொதிகலனுக்கு நீர் தள்ளும் பொறி, கடல்நீரை ஏற்றிக் குளிரூட்டும் பொறி ஆகிய யாவும் மின்னால் இயங்குவன. மின் பிறப்பிக்க மின் வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஓகத்து 17ஆம் நாள் கெரவலப்பிட்டி உபமின்நிலையத்தில் நேர்ந்த தவறினால் நாடெங்கும் மின் தடைப்பட்டது. 2025 பெப்ருவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் மறுபடியும் அவ்வாறே நிகழ்ந்தது. குரங்கைப் பற்றி நாடே நகைத்துப் பேசிற்று. அஃது ஒருபுறம் நிற்க. இரண்டு முறையும் அன்று மாலைக்குள்ளும் இரவுக்குள்ளும் வீடுகளுக்கு மின் திரும்பிற்று; ஆனால் நுரைச்சோலை முன்போல் இயங்கச் சில நாள்கள் சென்றன; அதுவரை நாட்டில் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. பெரியது முதலில் எழவில்லை. மதகைத் திறந்தவுடன் சுழலவல்ல நீர்மின் நிலையங்கள் போன்றவை முன் எழுந்து, அவை தந்த மின்னைப் பற்றிக்கொண்டே பெரியது எழுதல் வேண்டும். எழுந்தபின்னும், விநாடிக்கு 50 சுற்று என்னும் பொது ஒழுங்குக்கு இசைந்த பின்னரே வலையமைப்பில் இணைதல் கூடும். சிறியது பெரியதை எழுப்புதல், எழுந்ததை நிலைப்படுத்துதல், நிலைப்பட்ட பின்னரே அடுத்ததை அழைத்தல்: கணினி எழுவதும் இம்முறையாலேயே என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வாம்.

கணினி தொடங்குதலை ஆங்கிலத்தில் 'பூற்' என்பர். சப்பாத்தின் பின்புறத்தே அதனைக் காலில் இழுத்து மாட்டுதற்கென ஒரு வார் தைத்திருக்கும். தன் காலின் வாரைத் தானே பற்றித் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளுதல் என்பது இயலாத செயலைக் குறித்த ஆங்கில வழக்கு. அந்நகைச்சுவை வழக்கே சுருங்கிக் கணினித்துறைச் சொல்லாயிற்று. தமிழிலே 'தொடங்கல்' என்று எளிமையாக வழங்குகின்றோம். பொருள் கெடவில்லை, நகை மாத்திரம் கெட்டது.

முற்காலத்தில் இந்த வாரை இழுத்துவிட்டது மனிதன் கையே. 1975இல் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் சிறு கணினியின் முகப்பிலே வரிசையாக ஆளிகள் இருந்தன. மின்னை நிறுத்தினால் நினைவகம் வெறுமையாகிவிடும். ஆதலின் ஒவ்வொரு முறையும் உரியவர் அவ்வாளிகளை மேலுங் கீழும் தட்டி, ஒவ்வோர் அறிவுறுத்தலாக ஒரு சிறு நிரலைப் புகுத்துவார். அச்சிறு நிரல் அடுத்த பெரிய நிரலை நாடாவிலிருந்து படித்துக்கொள்ளும். இன்று அக்கையின் வேலையை, மின் போனாலும் அழியாத ஒரு சில்லுக்குள் எழுதிவைத்திருக்கின்றனர். அதனை நிலைபொருள் என்பர். பழைய கணினிகளில் அதற்குப் பயோஸ் என்று பெயர்.

ஆளியை அழுத்தியவுடன் நிகழ்வது இது. மின்வழங்கி தன் அழுத்தங்கள் யாவும் சீராகிவிட்டன என்று ஒரு சைகை தரும்வரை முறைவழியாக்கி அசைவற்று நிறுத்தி வைக்கப்படும். சைகை கிடைத்ததும், அது வடிவமைத்தோர் விதித்த ஒரே முகவரியிலிருந்து தன் முதல் அறிவுறுத்தலை எடுக்கும். இன்ரெல் நிறுவனத்தார் 1978இல் ஆக்கிய 8086 என்னும் முறைவழியாக்கியில் அம்முகவரி, 1 மெகாபைற்று முகவரிவெளியின் உச்சிக்கு 16 பைற்றுக் கீழே இருந்தது. அதன் வழித்தோன்றல்களில் 4 கிகாபைற்று உச்சிக்கு 16 பைற்றுக் கீழே. பதினாறு பைற்றில் என்ன எழுதலாம்? 'அங்கே செல்' என்னும் ஒரு கட்டளை எழுதலாம், அதுவே போதும். அது காட்டும் இடத்தில் நிலைபொருளின் பெரும்பகுதி உள்ளது. நிலைபொருள் நினைவகம், திரை, விசைப்பலகை முதலியவற்றைப் பரிசோதித்து எழுப்பிய பின்னர், தனக்கு அடுத்தவனைத் தேடும்.

அடுத்தவன் வன்தட்டில் இருப்பவன். பழைய முறையிலே வன்தட்டின் முதல் 512 பைற்றுகளை மாத்திரம் பயோஸ் படிக்கும். அவற்றுள் ஈற்றிலுள்ள 2 பைற்றுகள் 'இது தொடக்குதற்குரியது' எனக் காட்டும் முத்திரை. அதற்கு முன்னுள்ள 64 பைற்றுகள் தட்டின் பிரிவுகளைக் கூறும் அட்டவணை. எஞ்சிய 446 பைற்றுகளே நிரலுக்கு உரிய இடம். ஒரு தந்தியளவு இடத்தில் எழுதப்பட்ட அந்நிரலின் ஒரே வேலை, தன்னிலும் பெரிய ஏற்றியைக் கொணர்வது. யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் கோப்பாகவே ஏற்றியைப் படிக்கும் ஆற்றலுடையதாதலின் இந்நெருக்கடி இப்பொழுது இல்லை. எவ்வழியாயினும், ஏற்றி கருனியைத் தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்து, அதன் வாயிலுக்குட் புகுந்து மறைந்துவிடும்.

இதுவரை ஓடியவற்றுள் எதுவும் செயன்முறை அன்று என்பதைக் கவனிக்க. பங்கிடுவார் இன்னும் வரவில்லை. ஆதலாற் பங்கும் இல்லை. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவோர் அவ்வீட்டின் குடிகள் ஆகாமை போல என்க.

கருனிகள் பலவாயினும், யாவரும் திறந்து பார்த்துப் பயிலத்தக்கதாதலின் லினக்ஸையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் முறைமையைத் தழுவி, பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் தோவால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது இது. சென்னையிலும் கிளையுடைய சீ-டாக் என்னும் இந்திய அரசு நிறுவனத்தார் ஆக்கிய 'பொஸ்' முறைமைக்கும், நம்மிற் பலர் சட்டைப்பையிற் கொண்டு திரியும் அன்ட்ரொயிட் தொலைபேசிக்கும் அடியில் இருப்பது இக்கருனியே.

கருனி சுருக்கிக் கட்டிய மூட்டையாக வரும். முதலில் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும். பின்னர் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, கடிகாரத்தை ஓடவிட்டு, வன்பொருள்கள் குறுக்கிட்டு அழைத்தால் யார் விடையிறுப்பது என்று வகுத்து, செயன்முறைகளுக்கு முறைவைக்கும் பகுதியை அமைக்கும். இவ்வளவையும் செய்துகொண்டிருக்கும் அவ்வோட்டத்துக்கு 0 என்று எண். மாணவன் கேட்ட வினாவின் விடை இங்கேதான் உள்ளது. 0ஆம் செயன்முறையை எதுவும் பிறப்பிக்கவில்லை. அதற்குரிய குறிப்பேடு கருனியை எழுதியவர்களாலேயே நிரலின் உள்ளே முன்னதாக எழுதிவைக்கப்பட்டது. மற்றவையெல்லாம் பிறந்தவை, இஃது ஒன்றே எழுதப்பட்டது. கருனிக்கு வெளியே கையால் நிறைவு செய்த ஒரு படிவம் உள்ளே முதற் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது என்று கொள்ளலாம்.

அந்த 0ஆம் செயன்முறை தன் வேலை முடிந்ததும் இரண்டு மக்களைப் பிறப்பிக்கும். 1ஆம் எண்ணுடையது, இனிற் என்னும் பெயரால் இனி வரும் எல்லாச் சேவைகளுக்கும் தலைமை தாங்குவது. 2ஆம் எண்ணுடையது, கருனியின் உள்வேலைகளைச் செய்யும் இழைகளைப் பிறப்பிப்பது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. தலைமைக்குரியதற்கு 1 என்னும் எண்ணே கிடைத்தல் வேண்டும். ஆதலின் அதனை முந்திப் பிறப்பித்தல் வேண்டும். ஆனால் முந்திப் பிறந்த அது உடனே ஓடத் தொடங்கினால், உள்ளிழைகள் சில வேண்டும் எனக் கேட்கும். அவற்றைத் தரவேண்டிய 2ஆவது இன்னும் பிறக்கவில்லை. அவ்விடத்தே யாவும் குலையும். ஆகவே மூத்ததைப் பிறப்பித்து, 'தம்பி வரும்வரை நில்' என நிறுத்திவைத்து, இளையதைப் பிறப்பித்து, அதன்பின் இரண்டையும் நடக்கவிடுகின்றனர். இந்த நிறுத்தத்தின் காரணத்தைக் கருனியை எழுதியோர் அவ்விடத்திலேயே ஒரு சிறு குறிப்பாக எழுதியும் வைத்திருக்கின்றனர். உரையாசிரியர் மரபில் வந்த நமக்கு அது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

இரண்டையும் அனுப்பிய 0ஆவது பின்னர் என்ன செய்கின்றது? வேறெச் செயன்முறைக்கும் வேலையில்லாத வேளையில் முறைவழியாக்கியை இளைப்பாற வைத்திருத்தலே அதன் எஞ்சிய வாழ்வு.

1ஆவது இன்னும் ஒரு தடையைத் தாண்டல் வேண்டும். அது நடத்த வேண்டிய இனிற் நிரல் வன்தட்டில் உள்ளது. அவ்வன்தட்டைப் படிக்கும் வழியைக் கூறும் செலுத்தி நிரலும் பல வேளைகளில் அதே வன்தட்டில் உள்ளது. பெட்டியின் திறப்பு பெட்டிக்குள்ளே இருந்தால் எவ்வாறு திறப்பது? இதற்கென ஏற்றியானது கருனியோடு கூட ஒரு சிறு பொட்டலத்தையும் நினைவகத்திற் கொணர்ந்து வைத்திருக்கும். தட்டைத் திறப்பதற்கு இன்றியமையாத கோப்புகள் மாத்திரம் அதில் உண்டு. அப்பொட்டலத்தைக் கொண்டு தட்டைத் திறந்த பின்னர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு உண்மையான கோப்புத்தொகுதிக்கு மாறுவர். பொட்டலம் இல்லாத அமைப்பிலே கருனி தானே இனிற் நிரலை நான்கு இடங்களில் வரிசையாகத் தேடும். நான்காவது இடத்தில் இருப்பது இனிற்றே அன்று. கட்டளை வாங்கும் வெறும் ஓடு. தலைவன் இல்லையாயின் வாயிற்காவலனையாவது இருத்துவோம் என்னும் ஏற்பாடு போலும்! அதுவும் இல்லையாயின், இயங்கத்தக்க இனிற் எதுவும் இல்லை என்று திரையில் எழுதிக் கருனி நின்றுவிடும். இந்நிலையை ஆங்கிலத்திற் கருனியின் பீதி என்றே வழங்குவர்.

நிரல் கிடைத்ததும் நிகழ்வதை விளக்க, யூனிக்ஸ் மரபின் இரண்டு தொழில்களை அறிதல் வேண்டும். ஒன்று கிளைத்தல். ஒரு செயன்முறை தன்னைப் போலவே அச்சொட்டாக மற்றொன்றைப் பிறப்பிக்கின்றது. இரண்டும் ஒரே ஏட்டின் ஒரே வரியில் நிற்கும். அப்படியாயின் தாய் எது, சேய் எது என்று அவை எங்ஙனம் அறியும்? கிளைக்கச் சொன்ன கட்டளைக்கு விடையாகத் தாயின் கையிற் சேயின் எண் கொடுக்கப்படும். சேயின் கையிற் சுழியம் கொடுக்கப்படும். கையைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றும் தன் நிலையை உணரும். மற்றொன்று உரு மாறல். ஒரு செயன்முறை தன் எண்ணை விடாமலே தன் உள்ளீட்டை முழுதும் களைந்து புதிய நிரலொன்றை ஏற்றுக்கொள்ளும். கல்லூரிப் பதிவேட்டில் ஒருவனுடைய சேர்விலக்கம் ஒன்றே; அவன் ஆறாம் வகுப்பிற் படித்த புத்தகமும் பதின்மூன்றாம் வகுப்பிற் படிக்கும் புத்தகமும் வேறு. அதுபோல் என்க. கருனியின் உள்ளே பிறந்த 1ஆம் செயன்முறை உரு மாறலாலேயே வெளியே வந்து இனிற் ஆகின்றது. அதன்பின் அது கிளைக்கும். கிளைத்தவை உரு மாறும். அவை மீண்டும் கிளைக்கும். திரையில் நாம் காணும் சாளரம் ஒவ்வொன்றின் குலத்தையும் பின்னோக்கித் தேடிச் சென்றால் 1ஆம் எண்ணில் முடியும்.

இனிற் எந்த ஒழுங்கிற் சேவைகளை எழுப்புதல் வேண்டும் என்பதிலே பெரும் விவாதம் நடந்திருக்கின்றது. 1983இல் வெளிவந்த யூனிக்ஸின் ஐந்தாம் முறைமையைப் பின்பற்றியோர், எழுப்ப வேண்டிய சேவைகளின் பெயர்முன் இரண்டிலக்க எண்ணிட்டு, அவ்வெண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினர். யாவரும் கண்ணாற் பார்த்து விளங்கிக்கொள்ளத்தக்க நேர்மையான முறை. ஆயின், வலையமைப்பைத் தொடுக்கும் சேவை மறுமொழிக்காகக் காத்து நின்றால், அதற்குப் பின்னுள்ளோர், அதனோடு தொடர்பில்லாதோரும்கூட, வரிசையிற் காத்து நிற்பர். 2010இலே லெனாட் பொயற்ரெறிங், கே சீவேர்ஸ் என்னும் இருவர் சிஸ்ரம்-டீ என்ற புதிய இனிற்றை முன்வைத்தனர். எது எதற்கு முன் வேண்டும் என்று மாத்திரம் கூறுக. வேண்டாதவை யாவும் ஒரே வேளையில் எழுக என்பது அதன் கொள்கை.

அதிலுள்ள சாதுரியம் ஒன்று என்னைக் கவர்ந்தது. புதிதாக ஓர் அஞ்சலகம் திறக்கும் ஊரிலே, அஞ்சலதிபர் வந்து அமரும்வரை கடிதம் எழுதாதிருங்கள் என்று ஊராரிடம் கூறுதல் வேண்டுமோ? சுவரிலே அஞ்சற்பெட்டியை முதலிற் பதித்துவிட்டால் ஊரார் தத்தம் கடிதங்களை இட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பர். அஞ்சலதிபர் வந்தபின் எடுத்துக்கொள்வார். அவ்வாறே சிஸ்ரம்-டீ சேவைகளை எழுப்புதற்கு முன்னரே, அவை செய்தி பெறும் வாயில்கள் பலவற்றைத் தானே அமைத்துவிடும். கேட்போர் கேட்டு வைப்பர். சேவை எழுந்ததும் விடையளிக்கும். டெபியன் முறைமையினர் நெடிய வாதத்தின் பின் இதனை ஏற்று 2015இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பில் இயல்பாக வைத்தனர். 1ஆம் எண் இத்துணை வேலைகளைத் தன் தலையிற் சுமத்தல் ஆகாது. அது சிறியதாயிருத்தலே பாதுகாப்பு என்று மறுப்போர் இன்றும் உளர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஏனெனில் 1ஆவது இறந்தால் கருனி மீண்டும் பீதி நிலையுற்று யாவும் நின்றுவிடும். கொல் என்னும் கட்டளையை வேறெச் செயன்முறைக்கு அனுப்பினும் அது மாளும். 1ஆம் எண்ணுக்கு அனுப்பினால் கருனி அதனைச் சேர்ப்பிப்பதே இல்லை.

இத்துணைக் காவல் அதற்கு ஏன்? தாய் இறந்த செயன்முறைகளை இயல்பாக ஏற்று வளர்ப்பது அதுவே. இறந்தவற்றின் கணக்கை முடிப்பதும் அதுவே. ஒரு செயன்முறை முடிந்தவுடன் அதன் பெயர் பட்டியலிலிருந்து நீங்காது. தாய் வந்து 'எப்படி முடிந்தாய்' என்று கேட்டு அறிந்த பின்னரே நீங்கும். பெற்றார் வந்து விடுகைப் பத்திரம் பெறும்வரை பதிவேட்டில் மாணவன் பெயர் கிடப்பதை அலுவலகத்தார் அறிவர். கேட்பார் இன்றிக் கிடக்கும் பெயர்கள் பெருகினால் எண்கள் தீர்ந்து புதியவை பிறக்க இடமிராது. ஆதலின் தாயற்றவற்றுக்கு 1ஆம் எண் தாயாகி நின்று கணக்கை முடிக்கின்றது.

விண்டோஸ் முறைமையிலும் இவ்வமைப்பே வேறு பெயர்களோடு காணப்படும். அங்கும் 0ஆம் எண் வேலையற்ற வேளைக்கு உரியது. கருனிக்கு வெளியே முதலிற் பிறப்பது அமர்வுகளை மேற்பார்க்கும் செயன்முறை. அது பிறப்பிக்கும் இரண்டாம் தலைமுறையிலே சேவைகளை எழுப்புவதும் கடவுச்சொற் கேட்டு வாயிலில் நிற்பதும் உள. அன்ட்ரொயிட் தொலைபேசியிலோ, இனிற்றுக்குப் பின் ஸைகோற் என்றொரு செயன்முறை எழும். கருமுட்டை என்பது அச்சொல்லின் பொருள். எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக வேண்டியவற்றை அது முன்னரே நினைவகத்திற் படித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாம் ஒரு செயலியைத் தொட்டவுடன் கிளைத்துக் கொடுக்கும். தாயும் சேயும் நினைவகத்தின் அதே பக்கங்களைப் பகிர்ந்து படிக்கும். ஒன்று எழுத முற்படும் பக்கத்துக்கு மாத்திரமே அப்பொழுது படி எடுக்கப்படும். சிறிய தொலைபேசியிற் பல செயலிகள் விரைவாய்த் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் அறிவதாற் பயன் என்னை எனக் கேட்பார்க்கு ஒன்று கூறுவேன். பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையவழி நடந்தபொழுது, கடற்றொழில் செய்யும் ஒரு தந்தை தம் மனைவியின் காப்பை அடகு வைத்து மகளுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஓராண்டு கழியுமுன் அது தொடங்க மறுத்தது. திருத்துவோர் ஒருவரிடம் கொண்டு சென்றபொழுது, தாய்ப்பலகை பழுதாயிற்று, இனி வேறு வாங்குவதே வழி என்றாராம். அப்பிள்ளை கண்கலங்கி வந்து என்னிடம் அதனைக் காட்டினாள். ஆளியை அழுத்தச் சொன்னேன். உற்பத்தியாளரின் இலச்சினை திரையில் தோன்றிற்று. பின்னர்த் தொடக்குதற்குரிய சாதனம் எதுவும் காணப்படவில்லை என்னும் பொருள்பட ஒரு வரி தோன்றி நின்றது.

"பிள்ளை, இலச்சினையைத் திரையில் எழுதியது யார்?" என்று கேட்டேன். சற்றே நினைத்து, "நிலைபொருள், ஐயா" என்றாள். "நிலைபொருள் ஓடுவதற்கு எவையெவை வேண்டும்?" "மின்வழங்கி, முறைவழியாக்கி, நினைவகம், தாய்ப்பலகை" என்று அடுக்கிக்கொண்டே வந்தவள் தானே நிறுத்திவிட்டாள். பழுது வன்தட்டிலோ அதற்குச் செல்லும் வழியிலோ இருத்தல் வேண்டும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கள் கணினி ஆசிரியர் அதனைத் திறந்து, வன்தட்டின் இணைப்பைக் கழற்றி, உப்புக்காற்றாற் படிந்திருந்த களிம்பைத் துடைத்து மீண்டும் பொருத்தினார். கணினி எழுந்தது. கடலருகே வாழும் நமக்கு இப்பழுது புதிதன்று. துவிச்சக்கரவண்டியிலிருந்து மின்விசிறி வரையில் எதனையும் அக்காற்று விடுவதில்லை.

எந்த இடத்தில் நின்றது என்பதை நோக்குக. எது பழுது என்பது பாதி விளங்கும். விளக்கோ விசிறியோ அசையாதாயின் மின்னைப் பார்க்க. விசிறி சுழன்று, திரை இருண்டு, கூவல் ஒலி மாத்திரம் கேட்குமாயின் நிலைபொருள் தன் பரிசோதனையில் நினைவகத்தையோ திரையையோ குறை கூறுகின்றது. இலச்சினைக்குப் பின் நின்றால் வன்தட்டும் ஏற்றியும். வெள்ளெழுத்துகள் நிறைய ஓடிப் பீதியில் முடிந்தால், கருனி வரை யாவும் நலம். கோப்புத்தொகுதியிலோ இனிற்றிலோ குறை. கடவுச்சொற் கேட்கும் இடம் வரை வந்து அதன்பின் மந்தமாயின், அஃது எழுப்பப்படும் சேவைகளின் மிகுதியாகலாம். வன்பொருளைக் குறைகூற வேண்டுவதில்லை. மடிக்கணினி ஒன்றின் விலை பல குடும்பங்களுக்கு ஒரு பருவத்தின் உழைப்பு. ஆதலின், முழுவதும் போயிற்று என்று ஒருவர் கூறும்பொழுது, எவ்விடத்திற் போயிற்று என்று கேட்கும் அளவு அறிவேனும் நம் மாணாக்கரிடம் இருத்தல் நன்று.

எழுவதைக் கூறிய நாம் அடங்குவதையும் கூறல் முறை. நிறுத்துக என்று நாம் ஆணையிட்டால் அவ்வாணை 1ஆம் எண்ணையே சேரும். எழுந்த ஒழுங்கின் மறுதலையாக அது சேவைகளை அடக்கிவரும். முதலில் ஒவ்வொன்றுக்கும் 'முடித்துக்கொள்' என்னும் பணிவான செய்தி செல்லும். எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடித்துக் கோப்பை மூடுதற்கு அதுவே அவகாசம். சிஸ்ரம்-டீ இயல்பாக 90 விநாடி வரை பொறுத்திருக்கும். அதற்கும் அடங்காததை வலிந்து கொல்லும். கணினியை நிறுத்தும்போது சிலவேளை ஒன்றரை நிமிடம் திரை அசையாது நிற்பதன் காரணம் இது. பொறுமையிழந்து ஆளியை நெடுநேரம் அழுத்துவோர், மின்வெட்டு செய்யும் வேலையைத் தம் விரலாற் செய்கின்றனர். பொறுத்திருப்பின், சேவைகள் அடங்கியபின் சிஸ்ரம்-டீ தன் எண்ணை விடாமலே இன்னொரு முறை உரு மாறி, அடைத்தலுக்கென்றே எழுதிய சிறு நிரலொன்றாக ஆகும். எஞ்சியவற்றை முடித்து, கோப்புத்தொகுதிகளைக் கழற்றி, மின்னை நிறுத்துக என்று கருனியிடம் கேட்பது அச்சிறு நிரல். அப்பொழுதும் அதன் எண் 1.